சேலத்துக் கோடையில் மாடித் தோட்டம்: முதன்முறை தொடங்கும் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை இரண்டாம் வாரத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிய உற்சாகத்தில், கன்னங்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருபத்திரண்டு பைகளில் விதை போட்டோம். அக்னி நட்சத்திரம் பாதி கடப்பதற்குள் பதினேழு பைகள் காய்ந்துவிட்டன. தண்ணீர் ஊற்றாமல் இல்லை. நாள்தோறும் இரண்டு வேளை ஊற்றினோம். காலம், கலவை, நிழல், தண்ணீரின் சூடு ஆகிய நான்கிலும் தவறியிருந்தோம் என்பது அடுத்த ஆண்டுதான் புரிந்தது. இப்போது இரண்டாவது கோடையாக எங்கள் மாடியிலிருந்து கீரையும் வெண்டையும் கத்திரியும் இறங்கி வருகின்றன. மாலையில் வீட்டில் உள்ள அனைவரும் ஒன்றாக உட்காரும் இடமும் அதுவாகவே ஆகிவிட்டது. நாங்கள் ஓர் ஆண்டு வீணாக்கிக் கற்றுக்கொண்டதை நீங்கள் ஒரே வாசிப்பில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

கோடையில் காய் பறிக்க வேண்டுமென்றால் கோடையில் தொடங்கக் கூடாது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரத்தை வளர்ந்த செடி தாங்கும். முளைத்துப் பத்து நாளான நாற்று தாங்காது. ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

கத்திரி, மிளகாய் ஆகியவற்றுக்கு நாற்று வளர முப்பது முதல் முப்பத்தைந்து நாள் ஆகும் என்பதால், தை மாத நடுவிலேயே விதையை நாற்றுத் தட்டில் போட்டுவிட வேண்டும். மாசி முதல் வாரத்தில் மண் கலவையைத் தயாரித்து, பத்து முதல் பதினைந்து நாள் ஈரத்துடன் விட்டுப் பிறகு பைகளில் நிரப்ப வேண்டும். மாசி மூன்றாம் வாரத்தில் வெண்டை, கொத்தவரை, பாகல், பீர்க்கு ஆகியவற்றை நேரடியாக விதைக்கலாம். கத்திரி நாற்றையும் அப்போதே நடலாம். பங்குனி கடைசிக்குள் நிழல்வலை மேலே ஏறியிருக்க வேண்டும்.

நீங்கள் இதைச் சித்திரையில் படிக்கிறீர்கள் என்றால் மனம் தளர வேண்டாம். ஆனால் வெண்டை, கத்திரிப் பேச்சை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை, புதினா ஆகிய நான்கை மட்டும் வலையின் கீழே போடுங்கள். சிறுகீரை இருபது முதல் இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். முதல் பறிப்பு விரைவில் வந்தால்தான் வீட்டில் மற்றவர்களுக்கும் மாடி ஏறும் எண்ணம் பிறக்கும். வீட்டார் அனைவரையும் இதில் சேர்ப்பது பற்றிப் பத்தாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

2. மாடி எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிடுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து தாண்டாதீர்கள். கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 விதித்தொகுப்பு, ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் பளுவைக் கணக்கில் கொள்கிறது. நம் வழக்கில் அது ஏறத்தாழ 150 கிலோ. சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள பையில் 22 லிட்டர் கலவை பிடிக்கும். அதில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தாண்டும். நான் பின்னர் சொல்லும் கலவையை நிரப்பினால் 20 கிலோ அளவில் நிற்கும். அப்படியிருந்தும் பையோடு பை ஒட்ட வைத்தால் சதுர அடிக் கணக்கு மீறிப்போகும். எனவே பைகளுக்கு இடையே ஓர் அடியாவது இடைவெளி விட்டு, சுவர்களுக்கும் உத்திரங்களுக்கும் மேலே வரும்படி ஓரங்களில் வரிசையாக வையுங்கள்; தளத்தின் நடுப்பகுதியைக் காலியாக விடுங்கள். செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டைப் பக்கத்தில் இருக்கும் மர விட்டங்களின்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய ‘மெட்ராஸ் ஒட்டு’ வீடு என்றால், கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் ஒரு பையைக்கூட மேலே ஏற்ற வேண்டாம்.

பைகளை நேராகத் தளத்தின்மேல் வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் அடியில் காற்று போகும், வடிநீர் தேங்காது, தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது. சித்திரை மதியத்தில் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3. காகிதங்களைச் சேர்த்துவிடுங்கள்

வாடகை வீடாக இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை பைகள், எந்தப் பக்கம், ஒழுகல் ஏற்பட்டால் யார் பொறுப்பு, வீட்டைக் காலி செய்யும்போது யார் அப்புறப்படுத்துவது ஆகிய நான்கு விவரங்களும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். வாய்ப்பேச்சை நம்பித் தொடங்கிய எங்கள் உறவினர் ஒருவர், செடிகள் பூத்த நேரத்தில் அனைத்தையும் கீழே இறக்க வேண்டியதாயிற்று. அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் தேவை. பொது மாடியில் துணி காயப்போடும் இடம் எது, செடி வைக்கும் இடம் எது என்று அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகள் (தொடங்கத் தேவையான பொருட்கள் அடங்கிய தொகுப்புகள்) வழங்கி வந்திருக்கிறது. 2021-22-இல் 900 ரூபாய் மதிப்புள்ள தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆறு செடிப் பைகள், இரண்டு கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி ஆகிய நுண்ணுயிர் உரங்கள் தலா 200 கிராம், வேப்பம்பூச்சிக்கொல்லி 100 மில்லி, ஒரு விளக்கக் கையேடு ஆகியவை அதில் இருந்தன. நாம் கட்ட வேண்டிய பங்கு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், இந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாமல், அந்த ஆண்டுக்கு என்ன தொகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். துறையின் இணையதளமான டி.என்.ஹார்ட்நெட் வழியாகப் பதியலாம். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். ஆதார் அட்டை நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, கடவுச்சொல் குறுஞ்செய்தி வரும் கைப்பேசி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் நான் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினேன்.

இங்கு ஒரு பொறி இருக்கிறது. அரசுத் திட்டங்கள் நிதியாண்டுக் கணக்கில் நடப்பவை. பங்குனி, சித்திரையில் போனால், சென்ற ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்திருக்கும். புது ஆண்டுக்கு உரியது வந்திருக்காது. எனக்கு அப்படித்தான் மூன்று நடை ஆனது. கோடைத் தோட்டத்துக்குத் தளை வேண்டுமென்றால் முந்தைய ஆடி, ஆவணியிலேயே பதிந்து வாங்கி வைத்துவிடுங்கள். நுண்ணுயிர் உரப் பொட்டலங்களின் மேல் காலாவதி நாள் இருக்கும். அவற்றை வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். தளை கிடைக்கவில்லை என்பதற்காகத் தொடங்காமல் இருக்கவும் வேண்டாம். கடையில் வாங்கினாலும் செலவு கைக்கு அடங்குவதுதான்.

4. செலவுக் கணக்கு

இருபது பைகளுக்கு எங்களுக்கு ஆன செலவை, என் நோட்டில் உள்ளபடி தருகிறேன். கடைக்குக் கடை விலை மாறும். ஆனாலும் எந்த இனத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு இது உதவும்.

ஓரடிப் பைகள் 20-க்கு 900 ரூபாய். ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் நான்குக்கு 720. செம்மண் ஐந்து மூட்டைக்கு 300. மண்புழு உரம் 60 கிலோவுக்கு 720. வேப்பம் பிண்ணாக்கு ஐந்து கிலோவுக்கு 250. பத்து விதைப் பொட்டலங்களுக்கு 300. நிழல்வலை 30 சதுர மீட்டருக்கு 900. கயிறும் கம்பிக் குழாய்களுமாக 600. பூவாளியும் களைக்கொத்தும் 450. மூடியுடன் கூடிய 200 லிட்டர் பழைய பீப்பாய் 800. மொத்தம் 5,940 ரூபாய்.

இவற்றில் பையிலும் வலையிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெயிலைத் தாங்கும்படி தயாரிக்கப்படாத மலிவான பை ஒரே கோடையில் பொடிந்து, தூக்கும்போது கையோடு வந்துவிடும். செங்கல், பழைய வாளி, பெயிண்ட் டப்பா போன்றவற்றை வீட்டிலேயே தேடிக்கொள்ளலாம்.

விதைப் பொட்டலத்தில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: முளைப்புத்திறன், பரிசோதித்த நாள், செல்லுபடியாகும் நாள். குறைந்தபட்ச முளைப்புத்திறன் வெண்டைக்கு 65 விழுக்காடு, கத்திரிக்கும் தக்காளிக்கும் 70, மிளகாய்க்கு 60 என்பது தர அளவு. நாள் கடந்த பொட்டலத்தைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஐயம் இருந்தால் பத்து விதைகளை ஈரத் துணியில் மடித்து வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள்.

5. மண் கலவை: இங்கே நிதானம் தேவை

ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம், பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. எங்கள் கலவை இவ்வளவுதான். ஆனால் முதல் ஆண்டு எங்கள் செடிகள் பட்டுப்போனதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம், நார்க்கழிவைக் கழுவாமல் போட்டதுதான். தேங்காய் மட்டையிலிருந்து வரும் நார்த்தூளில் உப்பு நிறைய இருக்கும். கழுவிய கட்டி என்று கடையில் சொல்லித் தந்தாலும் நம்பாதீர்கள். எனக்கு அப்படிச் சொல்லித்தான் தந்தார்கள்.

கழுவும் முறை இது. பெரிய பீப்பாயில் ஒரு கட்டியைப் போட்டு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் செங்கல்போல இருந்த கட்டி உப்பிப் பூத்து, பீப்பாயின் கால் பகுதிக்கு மேல் நிறைந்துவிடும். கையை உள்ளே விட்டுப் பிசைந்தால் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் வடியும். பழைய கொசுவலைத் துணியில் கொட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றி மீண்டும் பிசையுங்கள். இரண்டாம் முறை நிறம் வெளிறும். மூன்றாம் முறை பிழியும்போது விரலிடுக்கில் வழிவது, அடியில் விரல் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும், அதுவே அடையாளம். வடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, சாக்கடைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் அவர்களே விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் முழங்கை வரை பழுப்பேறி இருவரும் மாடி முழுவதும் ஓடியதைப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று தொடங்கியதுதான் இரண்டு மாடிகளுக்கும் இடையிலான பழக்கம்.

கலந்த பிறகு டிரைக்கோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம் இரண்டையும் மண்புழு உரத்தோடு பிசறிச் சேர்த்து, லேசான ஈரத்துடன் பத்து நாள் நிழலில் விடுங்கள். பையின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் குறையும்படி நிரப்புங்கள். அந்த இடைவெளி, மண்ணின்மேல் காய்ந்த இலை, நார் பரப்பும் மூடாக்குக்கும் தண்ணீர் நிற்பதற்கும் வேண்டும்.

6. எதைப் போடலாம், எதைத் தவிர்க்கலாம்

வெண்டைதான் நம் ஊர்க் கோடைக்கு முதல் பயிர். விதையை ஓர் இரவு ஊறவைத்துப் பைக்கு இரண்டாக ஊன்றி, முளைத்ததும் வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறிக்கலாம். ஒரு பறிப்பு தவறினால் முற்றிவிடும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எட்டுச் செடியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு வேளைப் பொரியலுக்குக் காய் சேராது.

கொத்தவரை வெயிலைப் பொருட்படுத்தாது. கத்திரி வைகாசி வரை தாக்குப்பிடித்து, வெட்டிவிட்டால் மழைக்காலத்தில் மீண்டும் தழைக்கும். பாகல், பீர்க்கு ஆகியவற்றுக்கு ஓரடிப் பை போதாது. ஒன்றரை அடி வேண்டும், பந்தலும் வேண்டும். கீரைக்கு அரை அடி ஆழமுள்ள அகன்ற தொட்டி போதும். புதினாவுக்கு விதை தேட வேண்டாம். உழவர் சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த காம்புகளைக் கிள்ளி, அரைநிழலில் நட்டால் பிடித்துக்கொள்ளும்.

தக்காளியைக் கோடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் பூ காயாக மாறாமல் உதிரும். சேலத்தில் பங்குனி, சித்திரை முழுவதும் அந்த நிலைதான். கொத்தமல்லியும் இந்த வெயிலில் தழையாமல் சீக்கிரமே பூத்துவிடும். இரண்டையும் ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கோடையிலும் பீன்ஸ், சௌசௌ, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவை வரும். பங்குனி, சித்திரையில் காப்பி பூக்க வைக்கும் மழையே அங்கு தோட்டத்துக்கும் பாதித் தண்ணீர் கொடுத்துவிடும். அங்கு நிழல்வலைக்குச் செலவிடத் தேவையில்லை.

7. நிழல்வலை

ஐம்பது விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையைக் கேட்டு வாங்குங்கள். எழுபத்தைந்து விழுக்காட்டு வலையைப் போட்டால் வெண்டை வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளுமே தவிர, காய்க்காது. ஏழு அடி உயரத்தில் கட்டி, மேற்குப் பக்கத்தில் மட்டும் இடுப்பளவுக்குத் தொங்கவிடுங்கள். மூன்று மணி வெயில்தான் கொடியது.

சேர்வராயன் மலை மேல் மேகம் கறுத்து, சித்திரை மாலைகளில் சூறைக்காற்றோடு மழை இறங்கும். இறுகக் கட்டிய வலை, காற்றில் பாய்மரம்போல் உப்பிக் கம்பியையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆகவே நான்கு மூலைகளில் இரண்டை இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகப் போடுங்கள். கறுத்த மேகத்தைக் கண்டதும் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர் ஓடிச்சென்று அவிழ்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

8. தண்ணீர்: அளவைவிட நேரமும் சூடும் முக்கியம்

ஓரடிப் பைக்குச் சித்திரை, வைகாசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவு தேவைப்படும். காலை ஏழு மணிக்கு முன் பெரும்பகுதியும், மாலை ஐந்தரைக்குப் பின் மீதியும் ஊற்றுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மாலையில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். வெயிலில் நீண்டு கிடக்கும் ரப்பர் குழாயில் தேங்கியிருக்கும் தண்ணீர் அதைவிடச் சூடு. அதை நேராக வேரில் ஊற்றினால் செடி மறுநாள் தலை தொங்கும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். எங்கள் முதல் ஆண்டில் நடந்தது இதுதான். காலையிலேயே பீப்பாயை நிரப்பி, நிழலில் மூடி வைத்து, மாலையில் அதிலிருந்து பூவாளியால் ஊற்றுங்கள். மாநகராட்சிக் காவிரித் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது என்பதால், வரும் நாளில் நிரப்பிக்கொள்வதற்கும் பீப்பாய் உதவும். மூடியில்லாமல் வைத்தால் கொசு முட்டையிட்டு ஒரு வாரத்துக்குள் பெருகிவிடும்; வாரம் ஒருமுறை பீப்பாயைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது தெரிந்தால், நல்ல தண்ணீர் வரும் நாளில் பையின் அடியில் தாராளமாக வடியும் வரை ஒருமுறை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். உப்புப் போட்ட எந்த நீரும் கூடாது.

ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் விரலில் ஒட்டினால் அந்த வேளை வேண்டாம். மேலே காய்ந்த இலை, தென்னை நார் ஆகியவற்றை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் நீண்ட நேரம் நிற்கும். கரும்புச்சாறு கடைகளில் கிடைக்கும் சக்கையும் நல்லதுதான். ஆனால் அலசிக் காயவைக்காமல் போட்டால் எறும்புப் படை வந்துவிடும்.

9. பூச்சியும் வடகமும்

கோடையில் வருபவை முக்கியமாக மூன்று: மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ. மாவுப்பூச்சியை முதல் நாளிலேயே கண்டால் ஈரத் துணியால் துடைத்தே போக்கிவிடலாம். பரவியிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கிய பின் இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளிக்க வேண்டும். பகலில் தெளித்தால் இலை கருகும். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து தேடாமல் அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

சேலத்தில் கோடை என்றால் மாடியில் ஜவ்வரிசி வடகமும் காயும். ஆகவே இந்த எச்சரிக்கை நமக்குத் தனியாகத் தேவை: வடகம் காயும் நாளிலும் அதற்கு முதல் நாள் மாலையிலும் வேப்பெண்ணெய் தெளிக்கக் கூடாது. சென்ற ஆண்டு என் தம்பி, வடகத் துணி மாடியின் மறுகோடியில்தானே இருக்கிறது என்று நினைத்துத் தெளித்துவிட்டான். மலைக்காற்று தன் வேலையைச் செய்துவிட்டது. நான்கு நாள் கழித்து அம்மா எண்ணெயில் போட்டபோது வடகம் வெள்ளைவெளேர் என்று பூத்து வந்தது. முதல் துண்டைக் கடித்த என் மகள் எதுவும் சொல்லாமல் தட்டை மெதுவாகத் தன் மாமா பக்கம் தள்ளினாள். அவன் கடித்தான், அவனும் சொல்லாமல் தட்டை என் கணவர் பக்கம் தள்ளினான். தட்டு வட்டமாகச் சுற்றி அம்மாவிடம் வந்து சேர்ந்தபோது, "ஏண்டா, மாரியம்மன் கோயில் வேப்பிலையை வடகத்துல அரைச்சுப் போட்டீங்களா?" என்று அவர் கேட்க, கண்ணில் நீர் வரும்வரை அனைவரும் சிரித்தோம். இரண்டு கிலோ ஜவ்வரிசி வீண்தான். இப்போது காலண்டரில் வடக நாளுக்கு ஒரு வட்டமும், மருந்து நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைக்கிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

10. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

தனியொருவராகச் செய்தால் மே மாதம் இரண்டாம் வாரத்தில் உடல் சோர்ந்து, ஒரு நாள் விடுபட்டு, அத்துடன் தோட்டமும் முடிந்துவிடும். இருபது பைக்குக் காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் வேலை இருக்கிறது. யார் எதைச் செய்வது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் காலைத் தண்ணீர் என் கணவருடையது. அவர் அலுவலகம் கிளம்பும் முன் முடித்துவிடுவார். பூச்சி பார்ப்பது பிள்ளைகள் வேலை, அவர்களுடைய கண் கூர்மை. பறிப்பு முழுவதும் அம்மாவினுடையது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வெண்டைப் பை கொடுத்து, பெயர் எழுதி, ஞாயிறுதோறும் அடிக்கோலால் அளந்து நோட்டில் குறிக்கச் சொன்னோம். மூன்றாம் வாரத்தில் மகன் தன் செடியின் அடிமண்ணை ரகசியமாகத் தோண்டிவிட்டு உயரத்தைக் கூட்டிக் காட்டியதை என் அம்மாதான் கண்டுபிடித்தார். அந்தச் செடிக்கு மண் அணைத்துவிட்ட பிறகு அதுவே மற்றதைவிட வளர்ந்தது.

மாலை ஊற்றலை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டு, அப்போது அனைவரும் மாடியில் இருப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிய மாடி வேகமாகக் குளிரும். பாய் விரித்தால் தட்டுவடை செட்டும் நீர்மோருமாக எட்டு மணி வரை பேச்சு ஓடும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் கீழே இருக்கட்டும். பக்கத்து மாடிக்காரர்களுக்கு முதல் கீரைக் கட்டைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அதற்குப் பதிலாகக் கொடுத்த கொடிப்பசலைத் தண்டுதான் இன்று எங்கள் கைப்பிடிச் சுவர் முழுவதும் படர்ந்திருக்கிறது.

11. ஊருக்குப் போகும் நாட்கள்

கோடை விடுமுறையில் நான்கு நாளாவது வெளியூர் போவோம். அதற்கு முன்பே அனைத்துப் பைகளையும் வலையின் நடுப்பகுதிக்கு நகர்த்தாமல், சுவரோர நிழலுக்கு மட்டும் தள்ளி வையுங்கள்; நடுவில் குவித்தால் எடைக் கணக்கு கெடும். மூடாக்கை இரட்டிப்பாக்குங்கள். ஐந்து லிட்டர் டப்பாவில் தண்ணீர் நிரப்பி, பருத்தித் துணித் திரியின் ஒரு முனையை டப்பாவிலும் மறுமுனையை மண்ணில் நான்கு அங்குல ஆழத்திலும் வைத்தால் ஒரு பை மூன்று நாள் தாங்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே இதைச் சோதித்துப் பாருங்கள்; செயற்கை இழைத் துணி தண்ணீரை உறிஞ்சாது. அதற்கு மேல் நாட்கள் ஆகுமென்றால் பக்கத்து வீட்டாரிடம் மாடிச் சாவியைக் கொடுத்து, எந்தப் பைக்கு எத்தனை குவளை என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதிவிடுங்கள். அந்த நாட்களில் விளையும் காய் அவர்களுக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

12. ஆனியில் செய்ய வேண்டியது

கடைசி வெண்டைப் பறிப்புக்கு இரண்டு வாரம் முன்பு, நோயில்லாத ஒரு செடியில் மூன்று காய்களுக்கு நூல் கட்டி, பறிக்காமல் விடுங்கள். அவை முற்றிப் பழுப்பாகி, வரிகள் லேசாகப் பிளக்கும்போது கொய்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். விதையை உதிர்த்து, அடுப்புச் சாம்பலில் புரட்டி, காகித உறையில் போட்டு, பயிரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். வீரிய ஒட்டு விதையிலிருந்து வந்த செடி என்றால் எடுத்து வைப்பதில் பயனில்லை. நாட்டு ரகத்தில் மட்டும் எடுங்கள். காலியான பைகளின் மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி, இரண்டு நாள் வெயிலில் பரப்பி, கால் பங்கு புதுத் தொழு உரம் சேர்த்து மீண்டும் நிரப்பி மூடாக்குப் போடுங்கள். ஆடிப் பட்டத்துக்கு அந்தப் பைகள் தயாராக இருக்கும்.